நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

பள்ளத்தூர்ப்பெண்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 32. கல்யாணம் 2018-ல், காரைக்குடியில் ஒரு மண்டபத்தில். அவர் வீடு தேவகோட்டைப் பக்கம், வேலை சிங்கப்பூரில். பையனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. நான் பள்ளத்தூரில் ஆத்தா வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. ஏன் வந்தேன் என்பதை முழுசாக எழுத மனசு வரவில்லை. அடி உதை எல்லாம் கிடையாது. பையன் பிறந்த பிறகு பேச்சு குறைந்தது, அப்புறம் போன் நின்றது, பணம் நின்றது, கடைசியாக ஊருக்கு வந்தவர் நான் இருந்த அறைப் பக்கம்கூட எட்டிப் பார்க்காமல் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நானும் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன வாரம் அவர் வீட்டுப் பங்காளிகள் இரண்டு பேரும் மாமனாரும் வந்தார்கள். எங்கள் பக்கம் அம்மான் மட்டும். அப்பச்சி (என் அப்பா) போய் மூன்று வருஷமாகிறது. முகப்பில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், காபி கொடுத்தது தவிர எனக்கு அதில் வேலை இல்லை. கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும், ஊர் சிரிக்கும், நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்வோம் என்று சொல்லி, நூறு ரூபாய் பத்திரத்தில் டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு லட்சம் தருவார்களாம். "இன்று முதல் இருவருக்கும் கணவன் மனைவி என்ற உறவு இல்லை, இருவரும் அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம், முதல் நபரின் மீது எனக்கோ மைனர் மகனுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை" என்று இருந்தது. கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த சாமானைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு "அது எங்கே போகப்போகிறது, பிறகு பார்க்கலாம்" என்றார்கள்.

சாமான் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. வெள்ளி, வெண்கலம், எவர்சில்வர், மரச்சாமான் எல்லாம் அங்கே இரண்டாங்கட்டில் ஓர் அறையில் இருக்கிறது. சாவி என்னிடம்தான், ஆனால் அதன்மேல் அவர்கள் இன்னொரு பூட்டைப் போட்டிருப்பதாகக் கேள்வி. நகையிலும் பாதி மாமியாரிடம்.

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று பத்திரத்தை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அம்மான் "போட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்கிறார். ஆத்தா அழுகிறார்கள்.

இது சட்டப்படி செல்லுமா? செல்லாது என்றால் எங்கே போய்க் கேட்பது, எவ்வளவு செலவாகும்? தனியார் பள்ளியில் 9,000 ரூபாய் சம்பளம் எனக்கு. கல்யாணத்தை ரிஜிஸ்தர் ஆபீசில் பதியவில்லை. எங்கள் நகரத்தார் வழக்கப்படி கோவில் மாலை வந்தது, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதினார்கள், அவ்வளவுதான். அதனால் கேஸ் போட முடியாது என்கிறார் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர். நிஜமா?

---

பழைய குமாஸ்தா:

அம்மா, முதலில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதியைப் பொறுமையாகப் படிக்கலாம்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தேழு வருஷம் கோர்ட் வராண்டாவில் நின்றவன், இந்த மாதிரிப் பத்திரங்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டம் 1955-ன் கீழ் வரும் கல்யாணத்தைக் கோர்ட்தான் பிரிக்க முடியும். நூறு ரூபாய் பத்திரம் ஆனாலும் ஆயிரம் ரூபாய் பத்திரம் ஆனாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும், அது விவாகரத்து ஆகாது. ஒரே ஒரு விலக்கு, சில சமூகங்களில் வழிவழியாக அத்துவிடும் வழக்கம் உண்டு, அதைச் சட்டத்தின் 29(2) காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், ஐந்து பேர் கூடி எழுதியதெல்லாம் வழக்கம் ஆகிவிடாது. நீங்கள் இசைகுடிமானம் எழுதிய குடும்பம் என்கிறீர்கள், உங்களில் அப்படி அத்துவிடும் வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்படியானால் அந்தப் பத்திரத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நீங்கள் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு எல்லாம் பைசல் என்று எழுதிக் கொடுத்ததாக நாளைக்கு ஜீவனாம்ச வழக்கில் அதைத்தான் முதல் ஆவணமாகக் காட்டுவார்கள். கோர்ட் அதை அப்படியே ஏற்காது, ஆனாலும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். பையனுடைய உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்கவே முடியாது, அது அவனுடையது. அந்த வரியை டைப் அடித்தவருக்கு இது தெரியாமல் இருக்காது என்று நினைக்கிறேன்.

கல்யாணம் பதியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணமும் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் பதியாமல் விட்டதால் கல்யாணம் இல்லை என்று ஆகிவிடாது. பத்திரிகை, திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) எடுத்த படம், பையனின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தகப்பன் பெயர், நீங்கள் சொன்ன இசைகுடிமானம், எல்லாம் சான்றுதான். அந்த ஆளிடம் போய் வாதம் செய்ய வேண்டாம், எடுத்து பத்திரமாக வையுங்கள், போதும்.

வழி என்று பார்த்தால் இரண்டு. இரண்டு பேருக்கும் பிரிய சம்மதம் என்றால் பிரிவு 13பி, பரஸ்பர சம்மதம். ஒரு வருஷமாவது தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட வேண்டும். போட்டதிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடி வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசம் தோற்றுப்போய், பணம் பிள்ளை எல்லாம் பேசி முடித்திருந்தால் அதற்குத் தனி மனு போடலாம். ஜட்ஜ் பார்த்து முடிவு செய்வார். பத்து வருஷம் இழுக்கும் என்று வந்தவர்கள் சொன்னது இந்த வழிக்குப் பொருந்தாது.

சம்மதம் இல்லை என்றால் பிரிவு 13. கொடுமை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் கைவிட்டது என்று காரணம் காட்டிப் போட வேண்டும். கொடுமை என்றால் கைநீட்டியிருக்க வேண்டும் என்று இல்லை, மனரீதியானதும் கொடுமைதான். இதில்தான் நாள் ஆகும், மூன்று நாலு வருஷம் சாதாரணம். வீட்டை விட்டுப் போனது நீங்கள்தான் என்று அந்தப் பக்கம் எதிர்மனு போடும், சேர்ந்து வாழ வரச்சொல்லிப் பிரிவு 9-ல் ஒரு மனுகூடப் போடுவார்கள். அதனால் நீங்கள் ஏன் கிளம்பினீர்கள், எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை என்பதற்கெல்லாம் வங்கிக் கணக்கு, வாட்ஸாப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வாட்ஸாப்பைச் சான்றாகக் காட்ட இப்போது பாரதிய சாட்சியச் சட்டம் 63-ன்படி ஒரு சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார்.

எங்கே போடுவது என்றால், கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதோடு 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி மனு போட்டால் அவர் இருக்கும் இடத்திலேயே போடலாம். ஆக நீங்கள் தேவகோட்டைக்கு அலைய வேண்டியதில்லை. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் சப் கோர்ட்டில். ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) என்று நம்பர் விழும். உங்களுக்கு எது என்பதை வக்கீல் சொல்லுவார்.

செலவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் அது பலருக்குத் தெரிவதே இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு கிடையாது. ஒன்பதாயிரம் சம்பளம் என்றாலும் தொண்ணூறாயிரம் என்றாலும் பெண் என்றால் போதும். தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், சிவகங்கையில் மாவட்ட ஆணைக்குழு. வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் அவர்களே வக்கீல் நியமிப்பார்கள். போனில் கேட்க 15100.

---

பொட்டல்காரன்:

எல்லாரும் உடனே கோர்ட் கோர்ட் என்கிறீர்கள். வந்தவர்கள் சண்டைக்கு வரவில்லை, பேசத்தானே வந்தார்கள். எங்கள் சின்ன அயித்தைக்கு இதே மாதிரிப் பிரச்சினை, பெரியவர்கள் நாலு தடவை உட்கார்ந்தார்கள், ஐந்தாம் தடவை சேர்ந்து வாழப் போய்விட்டார்கள், இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டார்கள். கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது டவாலி கத்துவது வாசல்வரை கேட்கும். காரைக்குடியில் ஒருத்தருக்குத் தெரிந்தால் ஒன்பது கோவில் நகரத்தாருக்கும் தெரிந்த மாதிரி. பையனுக்கு நாளைக்குப் பெண் பார்க்க வேண்டாமா? தங்கச்சி, கோபத்தில் முடிவெடுக்காதே, அவ்வளவுதான் சொல்லுவேன்.

---

கல்லல் ராசா:

பொட்டல்காரன் அண்ணே, சேர்த்து வைக்கப் பெரியவர்கள் பேசினால் நல்லது, நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இங்கே வந்தவர்கள் பத்திரத்தை அடித்துக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். பேச வருகிறவன் பத்திரத்தோடு வருவானா?

நான் ஆண். இந்த ஊர்ப் பத்திரத்தால் மாட்டிக்கொண்டவன். 2014-ல் எனக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை, பிள்ளை இல்லை, இரண்டு வீட்டாரும் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்கி, நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அவள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். எட்டுப் பேர் சாட்சி. விடுதலை என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷம் கழித்து திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பெண் பேசி, பூ வைக்க நாள் குறித்தாச்சு. பெண்ணுடைய தகப்பனார் ஓய்வுபெற்ற வாத்தியார். "மாப்பிள்ளை, கோர்ட் விவாகரத்து டிக்ரி காப்பி ஒன்று கொடுங்கள்" என்றார். பத்திரத்தை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த மூஞ்சியை இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் தெரிந்தது, முதல் கல்யாணம் அப்படியே உயிரோடு இருக்கிறது, நான் இரண்டாவது கட்டினால் அது செல்லாது, மேலே குற்றமும்கூட என்று. சம்பந்தம் நின்றுபோனது. அதற்கப்புறம் 13பி போட அவளைத் தேடினால் கோயம்புத்தூரில் இருந்தாள், அவள் வரத் தயாராக இருந்தும் அவள் அண்ணன் புதிதாக ஒரு தொகை கேட்டார். பழைய பத்திரத்தில் பெற்றுக்கொண்டதாக எழுதிய தொகையைக் காட்டினால் "அது அப்போ" என்றார். இரண்டு தடவை பணம் கொடுத்து, மொத்தம் ஐந்து வருஷம் வீணாகப் போனது. பத்திரம் எழுதியவருக்கு அன்றைக்கு 500 ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்தோம்!

அதனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடமே இதைச் சொல்லலாம் தங்கச்சி. இந்தப் பத்திரத்தை வைத்து அவர் மறுகல்யாணம் செய்ய முடியாது. அவருக்கும் சேர்த்துத்தான் கோர்ட் வேண்டும். பேசி முடித்ததை 13பி மனுவாகப் போடுவோம் என்று கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அவர்கள் மனதில் வேறு கணக்கு இருக்கிறது.

---

செக்காலை ஆச்சி:

மேலே எழுதிய பொட்டல்காரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. டவாலி பெயர் கூப்பிடுவார்தான், ஊர் பெயரும் அப்பன் பெயரும் யாரும் கூவமாட்டார்கள். சட்டத்திலேயே 22-வது பிரிவு என்று இருக்கிறது, இந்த வழக்கு விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், அதில் நடந்ததைப் பத்திரிகையில் போடக்கூடாது. நான் ஆறு வருஷத்துக்கு முன்னால் நின்றவள். உள்ளே ஜட்ஜ், இரண்டு வக்கீல், எழுதுகிறவர், நாங்கள் இரண்டு பேர். ஊருக்குச் சொன்னது கோர்ட் இல்லை, எங்கள் வீட்டுச் சமையல்காரம்மாதான்.

இப்போது பள்ளத்தூர்த் தங்கச்சிக்கு. எனக்கு முதலில் கிடைத்த வக்கீல் சரியில்லை. சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டினார் என்று போய், 35,000 ரூபாய் கொடுத்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஒவ்வொரு தடவையும் "நம்பர் ஆகிவிட்டது, வாய்தா போட்டிருக்கிறார்கள்" என்றே சொன்னார். கடைசியில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை இ-கோர்ட்ஸ் ஆப்பில் என் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தால் அப்படி ஒரு வழக்கே இல்லை. மனுவே தாக்கல் ஆகவில்லை. ரசீதும் நான் வாங்கவில்லை, யாரிடம் போய்ச் சண்டை போட? நீங்கள் யாரிடம் போனாலும் கொடுக்கும் பணத்துக்கு ரசீது, மனுவின் ஒரு காப்பி, வழக்கு எண், இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால் அடுத்த வாய்தா தேதியை உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அப்புறம்தான் இலவச சட்ட உதவிக்குப் போனேன். இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். எனக்கு வந்தது ஒரு சின்னப் பெண், வக்கீலாகி நாலு வருஷம்தான் இருக்கும், ஆனால் என் கதையை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவள். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன், என் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வக்கீலுக்கு நாம் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை, கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், வக்கீலை மாற்றியும் தருவார்கள்.

சாமான் விஷயம். இதை விட்டுவிடாதே. 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் பெண்ணுடைய சொத்து, புருஷன் வீட்டில் இருப்பதால் அது அவர்களுடையது ஆகாது, கேட்டும் தரவில்லை என்றால் நம்பிக்கை மோசடிக் குற்றம். அதோடு, கல்யாணத்தில் கொடுத்ததை எல்லாம் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தில் அதே 1985-ல் விதியும் போட்டார்கள். நம் பக்கத்தில் இதைச் சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று இல்லையே, வெள்ளிக் கும்பா எத்தனை, கொட்டான் எத்தனை என்று எழுதாமல் எந்த வீட்டில் சாமான் பரப்பினார்கள்? அந்த நோட்டைத் தேடு. வீடியோவில் சாமான் வைத்ததைக் காட்டியிருப்பார்கள், அதையும் தேடு.

எனக்குச் சாமான் திரும்பியது விவாகரத்து வழக்கில் இல்லை, குடும்ப வன்முறைச் சட்டத்தில். 2005 சட்டம் அது. அடித்தால்தான் அதில் போக முடியும் என்று நானும் நினைத்தேன். செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவது, நம் சீதனத்தைப் பூட்டி வைப்பது, இதெல்லாம் அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரிடம் மனு கொடுத்தால் விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். எனக்கு உத்தரவு வர ஐந்து மாதம் ஆனது. அன்றைக்குக் காலையில் பாதுகாப்பு அலுவலர், ஒரு பெண் போலீஸ், என் தம்பி, நான், இரண்டு டாடா ஏஸ். வளவில் சாமானை இறக்கி வைத்து நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக நான் படிக்க, என் நாத்தனார் எண்ண, மாமியார் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். வெண்கலப் பானை இரண்டு குறைந்தது. ஒரு எனாமல் தூக்கு எங்களுடையது இல்லை, அதை நானே திருப்பி எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் ஆயா பித்தளை அண்டாவைத் தடவித் தடவிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும் தங்கச்சி. முதல் நாள் கவுன்சிலிங்கில் அழுகைதான் வந்தது எனக்கு. அவர்கள் சேர்த்து வைக்கத்தான் முதலில் பார்ப்பார்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதை உன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. போகும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு போ. பதினோரு மணி என்பார்கள், கூப்பிட மூன்று ஆகும்.

---

பள்ளத்தூர்ப்பெண்:

எல்லாருக்கும் நன்றி. செக்காலை ஆச்சி எழுதியதை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன், பித்தளை அண்டா இடத்தில் ஆத்தாவும் நானும் சேர்ந்து அழுதுவிட்டோம்.

கல்லல் அண்ணன் சொன்னபடி அம்மான் மூலமாக, கோர்ட்டில் பரஸ்பர சம்மதமாகப் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். மாமனார் போனில் கத்தினார். "அவன் எதற்கு லீவு போட்டுவிட்டு வந்து கோர்ட்டில் நிற்க வேண்டும், அவன் சிங்கப்பூரிலேயே கேஸ் போட்டு வாங்கிவிடுவான், அப்போது இரண்டு லட்சமும் கிடையாது" என்றார். அங்கே வாங்கினால் இங்கே செல்லுமா? அவர் வராமலேயே இங்கே 13பி போட முடியுமா? தொகை பேசினால் எப்படி வாங்குவது, முதலில் கையெழுத்தா முதலில் பணமா?

---

பழைய குமாஸ்தா:

சிங்கப்பூர் மிரட்டலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே மூன்று வருஷத்துக்கு மேல் இருப்பவர் அங்கே வழக்குப் போடலாம், அது உண்மைதான். ஆனால் இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை, அந்தச் சட்டத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி, மனைவி கலந்துகொள்ளாமல் வெளிநாட்டுக் கோர்ட் பிரித்தால் இந்தியாவில் அது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருப்பதியில் கல்யாணம் செய்துகொண்டவர் அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்துக் கோர்ட்டில் வாங்கிய தீர்ப்பைப் பற்றிய வழக்கு அது. ஒரு எச்சரிக்கை: அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் கிழித்தும் போடாதீர்கள், நீங்களாகச் சம்மதம் என்று பதிலும் எழுதாதீர்கள். நீங்கள் போய்க் கலந்துகொண்டால் கதையே மாறும். கவரோடு வக்கீலிடம் கொடுங்கள்.

அவர் வராமல் 13பி நடக்குமா என்றால், நடக்கிறது. நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதி, அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புவார்கள். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், இதை மறந்துவிட்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜட்ஜ் கேட்கும்போது வீடியோவில் வந்து பேசலாம். இதெல்லாம் கோர்ட் அனுமதித்தால்தான், ஆனால் இப்போது பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். லீவு கிடைக்காது என்பது ஒரு சாக்கு.

பணம். நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. இரண்டாவது தடவை சம்மதம் சொல்லும்வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம், அப்போது மனு விழுந்துவிடும். அதனால் பேசிய தொகையையும் சாமானையும் பையனை அவர் எப்போது பார்க்கலாம் என்பதையும் மனுவிலேயே எழுதி, மனு போடும் அன்றைக்கு ஒரு பாதி, இரண்டாவது தடவை ஜட்ஜ் முன்னால் மீதிப் பாதி டி.டி.யாக, இப்படித்தான் நாங்கள் எழுதுவோம். சாமானை மட்டும் மனு போடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பூட்டைத் திறக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

இரண்டு லட்சம் என்பதை அவர்கள் நிர்ணயித்தார்கள், நீங்கள் இல்லை. ஜீவனாம்ச வழக்கு வந்தால் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியிருக்கிறது. சிங்கப்பூர்ச் சம்பளச் சீட்டும் அதில் வரும். மனு போட்ட தேதியிலிருந்து கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இதை மட்டும் அவர்கள் வக்கீல் காதில் போட்டுப் பாருங்கள், தொகை தானாக ஏறும். ஜீவனாம்சம் கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 125 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது, பையனுக்கும் சேர்த்து அதில் கேட்கலாம், விவாகரத்து மனு போட்டால்தான் கேட்க முடியும் என்று இல்லை.

---

பொட்டல்காரன்:

மைனர் பையனுடைய உரிமையையும் சேர்த்து எழுதிக் கேட்டார்கள் என்பதை நான் முதலில் சரியாகப் படிக்கவில்லை. அது தப்பு. அயித்தை கதையை இதோடு சேர்த்திருக்கக்கூடாது. தங்கச்சி, தேவகோட்டையில் சாமான் எடுக்கப் போகும்போது வண்டி வேண்டும் என்றால் இங்கே சொல்லு, வாடகை வேண்டாம்.

---

பள்ளத்தூர்ப்பெண்:

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காரைக்குடி கோர்ட்டுக்குப் போய் வந்தேன். கேட் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன், தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று. அப்புறம் ஒரு வழியாக உள்ளே போய்விட்டேன். சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டதும் ஒரு வயசான காவலர் கூடவே வந்து காட்டினார். மனு எழுதத் தெரியவில்லை என்றதும் அங்கே இருந்த ஒரு தன்னார்வலர் அக்கா, நான் சொல்லச் சொல்ல அவரே எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வக்கீல் நியமித்ததும் போன் வரும் என்றார்கள்.

பத்திரத்தையும் கொண்டுபோயிருந்தேன். அந்த அக்கா படித்துவிட்டு, மைனர் மகனுக்கும் உரிமை இல்லை என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பச்சியுடைய பெட்டகத்தை ஆத்தாவும் நானும் கிளறினோம். சாமான் நோட்டு கிடைத்துவிட்டது. ஐந்தொகை எழுதுகிற மாதிரி இரண்டு பத்தியாகப் பிரித்து எடையோடு எழுதியிருக்கிறார், கடைசிப் பக்கத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் கையெழுத்தும் இருக்கிறது. மாமனார் கையெழுத்தும்தான். அறுபத்தி மூன்றாவது வரியில் "மரவை 2, ஒன்றில் மூடி இல்லை" என்று இருக்கிறது.

கல்யாண வீடியோ சி.டி.யும் ஒன்று அகப்பட்டது, அதை ஓட்டிப் பார்க்க இங்கே யாரிடமும் மிஷின் இல்லை. பள்ளத்தூரிலோ புதுவயலிலோ சி.டி.யைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் ஸ்டூடியோ யாருக்காவது தெரியுமா?